ஐந்தடி ஒன்பது அங்குலப் படுக்கை

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து புறப்பட்டேன். வண்டி என்னுடையது. ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய வேன். விடுமுறைகளில் ஊர் சுற்றுவதற்காக முன்னிருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு படுக்கை போட்டு வைத்திருந்தேன். நீளம் நாலரை அடி. முழங்காலை மடக்கிக்கொண்டால் ஒருவர் தூங்கலாம். அதற்குப் பின்னால் கதவு வரை ஆறடி காலி இடம். ஸ்டவ்வும் தண்ணீர் டின்னும் அங்கே கிடக்கும். அந்த ஆறடியில் ஒரு நோயாளி காலை நீட்டி நேராகப் படுக்கும்படி இன்னொரு படுக்கை அமைக்க வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் போனது அதற்காகத்தான்.

நோயாளி என் பெரியப்பா மகன் சபாபதி அண்ணன். டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகெலும்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அவருடைய ஒரே மகள் மல்லிகா ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போய்விட்டாள். "இந்த வாசல்ல நீ கால் வெக்கக் கூடாது" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னார். மல்லிகா வைக்கவில்லை. இப்போது அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கமாட்டார். எனக்கு எழுதிய கார்டில் இரண்டே வரி: "அவள் வரவேண்டாம். நான் போகிறேன்."

பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. ரயிலில் என்றால் அரக்கோணத்தில் தூக்கி இறக்கி, தூக்கி ஏற்ற வேண்டும். மிஞ்சியது என் வண்டி.

சுங்குவார்சத்திரத்தில் காப்பி இருபத்தைந்து காசு. வானம் முழுக்க மேகம், மழை இல்லை. தென்னேரி ஏரியில் நடுப்பகுதியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஐயம்பேட்டையைத் தாண்டி, ஒன்பதேகாலுக்குக் காஞ்சிபுரம். எழுபத்தைந்து கிலோமீட்டர். பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டுத் தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு விரித்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் இரு பக்கமும் நின்று பட்டு இழைகளைத் தட்டி நேர்செய்துகொண்டிருந்தார்கள். சுருட்டி எடுக்கும்வரை, முக்கால் மணி நேரம், தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு ஆறுமுக ஆசாரி வந்தார். தறிச் சாமான் செய்கிறவர். வண்டிக்குள் ஏறி, தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, "போட்டுடலாம்பா" என்றார். பிறகு அண்ணனை அளக்க வீட்டுக்குள் போனார். அண்ணன் பாயில் படுத்திருந்தார்.

"எழுந்து நில்லுங்க வாத்தியாரே."

"அவரால நிக்க முடியாதுங்க" என்றார் அண்ணி. "படுத்தமேனிக்கே அளந்துக்குங்களேன்."

ஆசாரி அளவுகோலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "படுத்துக்கினு இருக்கறவர அளக்கக் கூடாதும்மா. அது வேற வேலைக்கு அளக்கறது. எந்த ஆசாரியும் செய்யமாட்டான்."

நான் வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அண்ணனே, "விடுடா, அவன் தொழிலு" என்றார். நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு வளைந்து, கழுத்து முன்னால் தொங்கியது. ஆசாரி உச்சியில் கோலை வைத்தார். "அஞ்சடி. ரெண்டு இஞ்ச் விட்டுக்கறேன்."

அந்த முதுகு படுத்தால் நிமிரும் என்பது அங்கே நின்ற நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் உயரம் எழுதியிருந்தது. அதை நான் சனிக்கிழமைதான் பார்த்தேன்.

மறுநாள் செவ்வாய், மாலை நாலு மணிக்குப் படுக்கை தயார். மாம்பலகை, நான்கு கால், ஓரத்தில் ஆள் உருண்டுவிடாமல் சட்டம். மரமும் கூலியும் முப்பத்தெட்டு ரூபாய். மிச்சமிருந்த பத்து அங்குலத்தை வீணாக்காமல், தலைமாட்டில் தண்ணீர்ப் பானைக்கும் மருந்துக்கும் ஒரு பெட்டியும் அடித்திருந்தார். நான் பலகையை அசைத்தேன். தடதடவென்று தட்டியது.

"காலியா இருந்தா தட்டும்பா. ஆள் பாரம் ஏறுச்சுன்னா சத்தமே வராது."

புதன் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். "புதன் மாலை வருகிறோம்" என்று மல்லிகாவுக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது. ஒருமுறை படுக்கவைத்துப் பார்க்கலாம் என்று அண்ணனைப் பாயோடு தூக்கிப் பலகையில் கிடத்தினோம். முதுகு மெல்ல நிமிர்ந்தது. தலை பெட்டியில் இடித்தது. இரண்டு பாதங்களும் கதவுக்கு வெளியே ஏழு அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றன.

நானும் ஆசாரியும் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "நின்னப்போ இவ்ளோதானேபா இருந்தாரு" என்றார் அவர்.

அப்போது தெருவில் ஒருவர் சைக்கிளில் வந்தார். வண்டிக்குப் பின்னால் தெரிந்த கால்களைக் கண்டதும் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"எப்போபா எடுக்கறீங்க?"

உள்ளேயிருந்து அண்ணன் பதில் சொன்னார். "இன்னும் நாள் இருக்குதுபா. நீ போய்ட்டு வா."

அந்த மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி ஓடினார். ஆசாரி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார், இருமல் வரும்வரை. அண்ணி சிரிக்கவில்லை.

புதன் காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டிக்குள் ஆசாரி ஆறு மணிக்கு உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பிடுங்கி, பலகையை ஆறடிக்கு நீட்டித்தார். பத்து மணிக்குக் கதவைச் சுலபமாகச் சாத்த முடிந்தது. அண்ணனை அழைக்க உள்ளே போனேன்.

"நான் வரல" என்றார்.

"அண்ணே, இப்போ சரியாயிடுச்சு. கால் வெளிய வராது."

"கால் வெளிய தெரிஞ்சா என்ன, உள்ள இருந்தா என்ன? மொத மொதலா மக வூட்டுக்குப் போறேன். நாலு பேர் தூக்கிக்கினு போய் அவ வாசல்ல எறக்கணுமா? அந்த ஆளு கேட்டதையேதான் அவ தெருவுலயும் கேப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மல்லிகாவ வரச் சொல்லு. வாசல்ல நான் சொன்னத நானே எடுத்துட்டேன்னு சொல்லு."

ஒன்பது வருஷம் எடுக்காத சொல். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார்.

பத்தரைக்குத் தனியாகப் புறப்பட்டேன். வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர். சுமார் இருநூற்றெண்பது கிலோமீட்டர். வழி முழுக்கப் பின்னால் பலகை தட்டிக்கொண்டே வந்தது. அல்சூரில் மல்லிகா வீட்டு வாசலில் நின்றபோது மாலை ஏழரை. முன்னறையில் கட்டில் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தாள். நேராக வண்டியின் பின்பக்கம் ஓடினாள். கதவைத் திறந்தேன். பலகை, தலையணை, காலி.

அவள் கை வாய்க்குப் போனது.

"இல்லம்மா, இருக்காரு. ஒன்ன வரச் சொன்னாரு."

"அவரே சொன்னாரா சித்தப்பா? இல்ல, அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவள் புருஷன் சேவியர், "உடனே போ" என்றார். என் கண் சோர்ந்திருந்ததால் விடியற்காலை நாலரைக்குத்தான் கிளம்ப முடிந்தது. வாணியம்பாடி வரை மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அதற்குமேல் முடியாமல் பின்னால் போய்ப் படுத்தாள். தட்டல் நின்றுவிட்டது.

"சித்தப்பா, இது யாரு அளவு?"

"அப்பா அளவு."

"அவ்ளோ உயரமா இருந்தாரா?"

வியாழன் பிற்பகல் ஒன்றே முக்காலுக்குப் பிள்ளையார்பாளையம். அன்று காலை ஆறு மணியோடு அண்ணனுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் திறந்திருந்தது. மல்லிகா வாசற்படிக்கு இப்பால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளே போகவில்லை. பாய் அங்கிருந்தே தெரிந்தது. யாராவது சொல்லட்டும் என்று நின்றாளா, அவர் சொல்லட்டும் என்று நின்றாளா, தெரியாது. கடைசியில் அண்ணி வந்து, "சொல்லிட்டாரும்மா. முந்தாநேத்தே சைக்கிள்காரன் போனப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு. வா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மல்லிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. அதற்குமேல் எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

புதன் காலை ஐந்துக்குக் கிளம்பியிருந்தால் அன்று மாலையே அவர் அவளோடு பேசியிருப்பார். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு எல்லாம் முடிந்தது. சனிக்கிழமை காலை பாடை கட்ட வந்தவர் மூங்கிலை வெட்டுவதற்கு முன், படுத்திருந்தவரைக் கயிறு பிடித்து அளந்தார். எதிர் வாசலில் நின்றிருந்த ஆறுமுக ஆசாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவுச் செய்தி எழுதுவதற்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டியபோது அந்தச் சீட்டு என் கையில் கிடைத்தது. ஐந்தடி ஒன்பது அங்குலம்.

ஞாயிறு காலை கிளம்பும்போது ஆசாரி வண்டியருகே வந்து நின்றார். "பலகைய எடுத்துடவாபா? ஒனக்கு எதுக்கு இனிமே?"

"இருக்கட்டும்" என்றேன்.

வாலாஜாபாத் தாண்டியதும் பின்னால் தட்டல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் வண்டியை நிறுத்தி, அன்றைய பத்திரிகையை வாங்கி, நாலாக மடித்துப் பலகையின் காலுக்கடியில் செருகினேன். சத்தம் குறைந்தது. ஆனால் சென்னை வரைக்கும் அது நிற்கவில்லை.