வீட்டு ஓனரின் பேன் நம்பர்

போன மாதக் கடைசியில் ஹெச்ஆரிடமிருந்து மெயில். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம் — வருமான வரிக்குப் பழைய முறையா, புதிய முறையா? பதில் வராவிட்டால் புதியதுதான்.

உங்களுக்கும் வந்திருக்கும். நீங்களும் ஆபீஸ் வேலையை ஓரம்கட்டிவிட்டு எக்செல்லோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள்...

என் கதை இது. பெங்களூரின் ஒரு கோடியில், சந்தாபுராவில், அப்பாவும் அம்மாவும் இருக்கும் ஃபிளாட்டுக்கு லோன் ஓடுகிறது. நாங்கள் இருப்பது அல்சூரில், வாடகைக்கு. லோன், வாடகை இரண்டையும் காட்டினால் பழைய முறையில் பாப்பாவின் ஒரு டேர்ம் ஃபீஸ் மிச்சம். வாடகையைக் காட்டாவிட்டால் பழைய முறையே வேஸ்ட். காட்டுவதற்கு வீட்டு ஓனரின் பேன் நம்பர், அதாவது அவருடைய வருமான வரி எண், வேண்டும்.

இவ்வளவுதானே, கேட்டால் போச்சு என்கிறீர்களா? பெங்களூருக்குப் புதுசா நீங்கள்?

மாடியேறிப் போய்க் கேட்டேன். எங்கள் ஓனர் ராமலிங்கம் தங்கமான மனிதர். தண்ணீர் வராவிட்டால் நாங்கள் சொல்வதற்குள் டேங்கருக்கு போன் போட்டுவிடுவார். பேன் நம்பர் என்றதும் முகம் சுண்டிப்போனது; கொடுத்தால் வாடகை அவர் வருமானக் கணக்கில் ஏறிவிடுமே.

“பேடா சார், வேண்டாம்... அதெல்லாம் சும்னே தலைநோவு. வாடகைய கையில குடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல? கண்டிப்பா வேணும்னா வேற வீடு பாத்துக்குங்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்.”

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். கவிதாவுக்கு எக்செல் தேவைப்படவில்லை.

“பாப்பா ஸ்கூலுக்கு நடந்தே போறா. இப்ப வீடு தேடுனா பத்து மாச அட்வான்ஸ் கேப்பாங்க. எங்க போறது? பேசாம புதுசையே போட்டுடுங்க.”

போட்டுவிட்டேன். ஒரே ஒரு க்ளிக். உழைப்பது நான், வரி கட்டுவது நான் — எந்த முறையில் கட்டுவது என்று முடிவு செய்வது மட்டும் மாடி வீட்டுக்காரர்! இதற்குப் பெயர் சாய்ஸாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கோபத்தைக் காட்டக்கூட ஆள் இல்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கப் போனேன். ராமலிங்கம் வாய் நிறையச் சிரித்து, காபி கொடுத்து உட்காரவைத்தார்.

“புது முறையே போட்டுட்டீங்களாமே, கவிதாம்மா சொன்னாங்க. நல்ல வேலை பண்ணீங்க சார். அதுல டேக்ஸ் ரொம்ப கம்மின்னு டிவில சொன்னான். உங்களுக்கு மிச்சம்தானே... அடுத்த மாசத்துலேருந்து ரெண்டாயிரம் சேத்துக் குடுத்துடுங்க.”

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? “சரி சார்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அரசாங்கமாவது என்னிடம் இரண்டு ஆப்ஷன் கொடுத்துக் கேட்டது!