சாமி படத்தின் விலாசத்துக்குப் போன லைசென்ஸ்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்து, திருச்செங்கோட்டில் பிடித்திருந்த வாடகை வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம். ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், சாமி படம், கூடவே ஒரு விளக்குமாறு. இவற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மல்லசமுத்திரத்துப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தோம். சாமான்களை ஆவணியில் ஏற்றுவதாகப் பேச்சு. கணக்குப்படி நாங்கள் குடிபோயாகிவிட்டது. கட்டிலும் பீரோவும் நாங்களும்தான் பாக்கி.

என் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவன். வண்டி வடநாட்டுக்குப் புறப்படத் தயாராக நின்றது. அவன் லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான், அது தபாலில் வரவேண்டும். லைசென்ஸ் கையில் இல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆவணியில் தான் ஊரில் இருக்கமாட்டான் என்பதால், பால் காய்ச்சின அன்றே போஸ்ட் ஆபீசில் விலாசம் மாற்றிக் கொடுக்கும் வேலையை மகன் என்னிடம் ஒப்படைத்தான். தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"அம்மா, ஆவணியில சாமான் ஏத்தற அன்னைக்கு இதக் குடுத்துரு. அப்பறம் வர்ற தபாலெல்லாம் புது ஊட்டுக்குத் திருப்பி உட்ருவாங்க."

தலையாட்டினேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. பால் காய்ச்சின பிறகும் பழைய வீட்டுக்கே தபால் வந்தால் நாம் குடிபோனது எப்படிச் செல்லும்? நாளைக்கு ஆவணியில் போகிறபோது, இப்போதுதான் வருகிறார்கள் என்று ஆகிவிடாதா? யாரிடமும் சொல்லாமல் மறுநாளே போய்த் தாளைக் கொடுத்துவிட்டேன்.

"எப்ப இருந்துங்க ஆயா மாத்தோணும்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"நேத்தே மாறியாச்சு அம்மிணி. பால்கூட ஒரு பக்கமும் சாயாம அழகாப் பொங்குச்சு."

பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு தபால்காரர் எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மொபெட்டில் போனார். ஒரு நாள் நானே மறித்தேன்.

"ஏஞ்சாமி, எங்க ஊட்டுப் பக்கம் எட்டியே பாக்கறதில்ல?"

"ஏனுங்க ஆயா, நீங்கதான் ஊடு மாறீட்டீங்களாமா!"

"ஆமா, மாறியாச்சு."

"அப்ப இங்க உக்காந்து மொளகா காயப் போடறது ஆருங்க?"

"அது என்ற உடம்பு. குடி அங்க இருக்குது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். லைசென்ஸ் அதற்குள் திருச்செங்கோடு போயிருக்கும் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அன்று ராத்திரிச் சோற்றில். மகன் மருமகளைப் பிடித்துக்கொண்டான்.

"தபால்காரன் வந்து கூப்புட்டிருப்பான். நீ செல்லப் பாத்துட்டு உள்ளயே உக்காந்திருப்ப."

"சத்தியமா வரலீங்க."

"வராம எங்க போவும்? கூடக் குடுத்தவங்க எல்லாத்துக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல!"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விலாசத்தை முன்னாடியே மாற்றினது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "தண்ணி கொண்டா" என்று மட்டும் சொன்னேன். அதையும் அவளிடமே சொன்னேன்.

விடிந்ததும் கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். புது வீட்டுக் கதவடியில் கவர் கிடக்கும், எடுத்து வந்து இப்போதுதான் வந்தது என்று நீட்டிவிடலாம் என்பது என் திட்டம். கதவைத் திறந்தேன். குடத்துத் தண்ணீரில் எறும்பு மிதந்தது. வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "தபால்காரரு வந்து வந்து பாத்தாருங்க. ஊடு பூட்டியே கெடக்குதுன்னு திருப்பி அனுப்பீட்டாருங்க. உங்க போன் நம்பர் தெரியாம எனக்கும் சொல்ல முடியலீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் பழியை யார் தலையில் வைக்கலாம் என்று யோசித்தேன். தபால்காரர் தலை கைக்கு வாட்டமாக இருந்தது. போஸ்ட் ஆபீஸ் பெண்ணையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், மருமகள் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, தபால்காரர் போகும் வரை நகரக்கூடாது என்று இருந்திருக்கிறாள்.

"மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குதுங்களே அத்தை. மோரு குடிக்கிறீங்களா?"

அந்த மோருக்கு முன்னால் என் திட்டம் எதுவும் நிற்கவில்லை. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் மகன் வந்ததும் அவனிடமும் சொன்னேன். தபால்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவன் கத்துவான், நானும் பதிலுக்கு இரண்டு சொல்லலாம் என்று காத்திருந்தேன். "செரி உடும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறுநாளிலிருந்து, லைசென்ஸ் திரும்பிப் போகவேண்டிய ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தான். இன்னும் தங்கள் கைக்கே வரவில்லை என்றார்களாம். அதற்குள் ரிக் வண்டிக்குப் பூசை போட்டுவிட்டார்கள். வேறொரு டிரைவர் ஏறினான். என் மகன் போய் வழியனுப்பிவிட்டு, நெற்றியில் அந்தப் பூசைத் திருநீறோடு வந்து உட்கார்ந்தான்.

"சோறு போடட்டுமா சாமி?"

"போடு."

போட்டேன். குழம்பில் உப்பில்லை என்று எனக்கே தெரியும். அதற்காவது திட்டுவான் என்று பார்த்தேன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தலை நிமிராமல் மருமகளிடம், "நீயும் உக்காரு புள்ள" என்றான்.

அவள் உட்கார்ந்து தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"போடுங்க அத்தை. இத்தன நாளா வராத தபாலுக்குக் காவல் இருந்தவ நானு. கொஞ்சம் தாராளமாவே போடுங்க."

இப்படி யாராவது சீண்டினால் என் வாய் சும்மா இருந்ததில்லை. அன்று கரண்டியை மட்டும் எடுத்தேன்.