‘போறேன்’ சொல்ல வராத அண்ணி

எங்கள் அண்ணி எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். சட்டை எடுக்கப் போனால் பட்டனை இழுப்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கல்யாணமாகி வந்த புதிதில் என் பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்துவிட்டு, “முடி கெட்டிதான்” என்று சான்றிதழ் கொடுத்தார். அன்றைக்கே எனக்கும் இவருக்கும் ஆகாது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அவர் மேல் குற்றமில்லை, வேலை அப்படி. முதுகுப் பை தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேசை அவருடையது. தைத்து வரும் பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். தையல் பிரிந்தால் பை இந்தப் பக்கம், பிரியாவிட்டால் அந்தப் பக்கம். காலையிலிருந்து மாலை வரை இதே. ஆள் ஒல்லிதான், தோள்பட்டை மட்டும் மல்யுத்தக்காரருக்கு இருப்பது போல இருக்கும்.

சைக்கிள் வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. தொழிற்சாலை வேனை நிறுத்திவிட்டார்கள் என்று மகனுடைய பழைய சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தவர், ஒரு விடுமுறை நாளில் தொழிற்சாலையையும் தாண்டிப் போய்விட்டார். சாயங்காலம் வந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், “தெரியல, ரோடு நல்லா இருந்துச்சு” என்கிறார். அப்படிப் பிடித்த பைத்தியம்தான், பிறகு மலை வரைக்கும் போனது. மலைமேல் நடக்கிறவர்களுக்காகக் கட்டி வைத்த ஒற்றை அறைக் கல்வீடுகள் உண்டு. படுக்கப் பலகை, ஒரு இரும்பு அடுப்பு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். காவலுக்கு ஆள் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சைக்கிளில் மூட்டை முடிச்சோடு போவோம். சைக்கிள் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் சீட்டுக்கும் பொருந்துகிற பைகளை, தொழிற்சாலை கழித்துக்கட்டிய துணியில் அண்ணியே தைத்தார். அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். “ரோடு போடறதுக்கே ஒரு கூட்டம் உயிரைக் கொடுக்குது, இவங்க ரோடு இல்லாத இடமா பாத்துப் போறாங்க” என்று தலையில் அடித்துக்கொள்வான்.

அண்ணிக்கு ஓட்டுகிற பைத்தியம், எனக்கு அதைப் படம் பிடிக்கிற பைத்தியம். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பல்லைக் காட்டுவது என் பிழைப்பு. மலையில் கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாருக்கும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை.

எங்கள் படங்களில் ஆளில்லாத மலையில் ஒரு பெண் தன்னந்தனியாகப் போவது போலத் தெரியும். அந்தத் தனிமைக்குப் பின்னால் நடக்கிற கூத்து எங்களுக்குத்தான் தெரியும். கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு நான் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அண்ணி ஓட்டிக்கொண்டு போய் வளைவில் மறைவார். சில சமயம் அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை போவார். சில சமயம் திரும்பாமல் போய்க்கொண்டே இருப்பார், நான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பின்னால் போய்ச் சேர வேண்டும். காற்றில் கத்தினால் காதில் விழாது என்பதால், புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ‘போயிட்டு வரேன்’ என்றால் திரும்பி வருவார். நான் கேமராவை விட்டு அசையக் கூடாது, பாதையில் கால் வைக்கக் கூடாது, என் செருப்புத் தடம் படத்தில் விழும். ‘போறேன்’ என்றால் வர மாட்டார், நான்தான் போக வேண்டும்.

“போறேன்னு மொட்டையா எப்படிடி சொல்றது? வாயில வரமாட்டேங்குது” என்றார் அண்ணி முதல் நாளே.

“கேமராகிட்டதானே சொல்றீங்க அண்ணி, மனுஷங்ககிட்டயா?”

வெட்டாத படத்தைப் பார்த்த அண்ணனும் எரிந்து விழுந்தான். “பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட வரேன்னு சொல்றவ, மலை உச்சியில நின்னுக்கிட்டு போறேன் போறேன்னு சொல்றா. நல்லாவா இருக்கு?” அதற்குப் பிறகு அண்ணி அந்தச் சொல்லை மாத்திரை விழுங்குவது போல முழுங்கி முழுங்கித்தான் சொல்வார்.

அன்றைக்குக் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. கணவாயைத் தாண்டி அடுத்த கல்வீட்டுக்குப் போய்விட்டால் சூடாக எதையாவது குடித்துவிட்டுக் காலை நீட்டலாம். மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி கிளம்பியது. பாதை அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு குதிரை லாட வடிவத்தில் போனது. எதிர்ப்பக்கம் கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியும், போவதென்றால் நன்றாகச் சுற்ற வேண்டும். நடுவில் பாறை சரிந்ததால் பாதை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரிந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்தது. அகலம் ஒரு பலகைக்கு மேல் இல்லை. இடது பக்கம் நேரே சரிவு.

“அண்ணி, இந்த வளைவு ஒண்ணு மட்டும். அப்புறம் கேமராவை உள்ள வச்சிடறேன்.”

“மழை வருதுடி.”

“வரட்டும். பனி படத்துல அழகா விழும்.”

“டைரக்டரம்மா சொன்னா சரி.” பைகளின் பட்டைகளை வரிசையாக இழுத்துப் பார்த்தார். பாதையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “போயிட்டு வரேன்” என்றார்.

திரும்பி வருகிற எண்ணமே அவருக்கு இல்லை. மழைக்கு முன்னால் வளைவைத் தாண்டிவிட வேண்டும், நான் பின்னாலேயே வந்துவிடுவேன் என்பதுதான் அவர் மனக்கணக்கு. அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ‘போறேன்’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பிறந்ததிலிருந்து பழகின சொல் தானாக வந்துவிட்டது. நானோ அதை எங்கள் ஒப்பந்தப்படி எடுத்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டேன்.

பனி வளைவை மூடியது. பிறகு எனக்கும் வளைவுக்கும் நடுவிலிருந்த பாதையை மூடியது. அண்ணி வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. எங்கேயாவது நின்று பட்டையை இழுத்துக்கொண்டிருப்பார் என்று முணுமுணுத்தேன். மழை பிடித்தது. ஊசி ஊசியாகக் குத்துகிற குளிர்மழை. படுக்கை, அடுப்பு, கூடாரம் எல்லாம் அண்ணியின் சைக்கிளில். என்னிடம் கேமராவும் பிஸ்கட்டும். கத்திப் பார்த்தேன், காற்று சத்தத்தை என் வாயிலேயே திணித்தது. போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தால், வருகிறவர் என்னைக் காணாமல் தேடுவாரே என்று மறுபடி உட்கார்ந்தேன். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. ஈரப் பாறையில் சக்கரம் வழுக்கினால் விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டிருக்காது.

அதற்கு மேல் உட்கார முடியாமல் தேடிக் கிளம்பினேன். கேமராவை எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தால், நான் திரும்பி வருவேன் என்று அவருக்குத் தெரியும். சைக்கிளையும் அங்கேயே சாய்த்துவிட்டு, போனை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேல்பாதையில் சுவரைப் பிடிப்பது போலப் பாறையைப் பிடித்து நடந்தேன். எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்ததும் அண்ணியின் சைக்கிள் கண்ணில் பட்டது. கீழே கிடந்தது. முன்சக்கரம் பாதைக்கு வெளியே சரிவின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆள் இல்லை.

“அண்ணி!” என்று கத்தினேன். பிறகு என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. சரிவில் கொஞ்சம் கீழே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அண்ணியின் மழைக்கோட்டும் மஞ்சள். புதரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இறங்கினேன். கால் வைத்த மண் காலோடு வந்தது. கிட்டே போனால், பாறையில் படர்ந்த மஞ்சள் பாசி. மேலே ஏறலாம் என்று திரும்பினால் பிடிக்க ஒன்றுமில்லை. அங்கேயே குப்புறப் படுத்து ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணனிடம் என்ன சொல்வேன் என்று மட்டும் மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

அப்போதுதான் பையில் போன் அதிர்ந்தது. மலையில் சிக்னல் ஏது? ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். கேமரா போனோடு மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தால் கேமரா பார்ப்பது போனில் தெரியும். சட்டகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருந்த வசதி அது. பாதை வழியாகத் தூரம், பள்ளத்துக்குக் குறுக்கே கிட்டம் என்பதால் கிடைத்திருக்கிறது. படம் நீர் வழிந்து மங்கலாக இருந்தது. ஒரு கட்டைவிரல் வந்து கண்ணாடியைத் துடைத்தது. விரல் விலகியதும் அண்ணியின் முகம் முழுசாகத் தெரிந்தது.

உயிரோடு இருக்கிறார். நான் வரவில்லையே என்று, சைக்கிளைப் போட்டுவிட்டு என்னைத் தேடி நடந்து திரும்பியிருக்கிறார். பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க வசதியாகக் கீழ்ப்பாதையில் போயிருக்கிறார். நான் மேல்பாதையில் வந்தேன். ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம், பனியில் தெரியவில்லை. நான் இருந்த இடத்தில் அவர் கண்டது ஆளில்லாத சைக்கிளும், யாரையோ பார்த்துக்கொண்டிருந்த கேமராவும்.

படத்தில் சத்தம் வராது. அண்ணி அழுதுகொண்டே கேமராவிடம் ஏதோ பேசினார். பிறகு என் சைக்கிளிலிருந்து மூட்டை கட்டும் பட்டைகளை உருவி, ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, ஒரு முனையை இடுப்பிலும் இன்னொரு முனையைப் புதரின் அடியிலும் கட்டினார். கட்டிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறார், இறங்கப் போகிறார். அந்தப் பக்கம் சரிவு இதைவிட மோசம். பட்டை ஆள் உயரத்துக்கு மேல் நாலடிகூட இருக்காது. கேமராவைத் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொன்னார். உதடு குவிந்து திறந்தது, அவ்வளவுதான். ‘போறேன்.’ இந்த முறை முழுங்கவில்லை.

“வேணாம் அண்ணி! வேணாம்!” என்று போனைப் பார்த்துக் கத்தினேன், பைத்தியக்காரி மாதிரி. பிறகுதான் விரலுக்குக் கீழே இருந்த பதிவுப் பொத்தான் ஞாபகம் வந்தது. அதை அழுத்தினால் கேமரா பீப் என்று கத்தும். அழுத்தினேன். ஈர விரலை அது மதிக்கவில்லை. சட்டைக்குள் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். படத்தில் அண்ணியின் முதுகு தெரிந்தது. ஒரு கால் பாதைக்கு வெளியே போயிருந்தது. கால் அப்படியே நின்றது.

திரும்பினார். மண்டியிட்டே கேமராவிடம் வந்து, உள்ளே நான் இருப்பது போல உற்றுப் பார்த்தார். வாய் அசைந்தது, அது கேட்காமலே எனக்குக் கேட்டது: “எங்கடி இருக்க?” கொஞ்சம் யோசித்தார். இரண்டு விரலைக் கேமரா முன்னால் காட்டினார். உயிரோடு இருந்தால் இரண்டு முறை அடி என்கிறார். அடித்தேன். அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடியபடியே இருந்தார். பிறகு தரையைத் தட்டிக் காட்டினார். நான் இங்கேயே இருக்கிறேன், நீ வா.

சரிவில் எப்படி ஏறினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல வராது. நகக்கண்ணில் மண் போனதும், முட்டி கிழிந்ததும், வேர் ஒன்று கையோடு வந்துவிட அடுத்ததைப் பிடித்ததும் நினைவிருக்கிறது. பாதைக்கு வந்ததும் போனில் படம் போய்விட்டது. வழியெல்லாம் அண்ணி பொறுமை இழந்து எழுந்துவிடுவாரோ என்று எண்ணிக்கொண்டே பாறையைப் பிடித்து விரைந்தேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், இடுப்பில் அந்தப் பட்டையோடு.

என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். நானும் அப்படியே செய்யத்தான் நினைத்து வந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“என்ன சொல்லிட்டுப் போன நீ? போயிட்டு வரேன்னுதானே சொன்ன?” வாழ்நாளில் முதல் முறையாக அண்ணியை நீ என்றேன்.

“ஆமா, சொன்னேன்! அந்தப் பள்ளத்தைப் பாத்துக்கிட்டு வேற என்னத்தடி சொல்லச் சொல்ற?” என்று அவரும் கத்தினார். அப்புறம்தான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மூச்சு முட்டியது. விடச் சொல்லவில்லை.

கல்வீட்டை அடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அடுப்பை மூட்டி, ஈரத் துணிகளைக் கம்பியில் போட்டு, என் முட்டியைக் கழுவினார். எரிந்தது, கத்தினேன், “சும்மா இருடி” என்று அதட்டினார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அண்ணி, அந்தப் பட்டை பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இறங்கினா திரும்ப ஏற முடியாதுல்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எதுக்கு இறங்கப் பாத்தீங்க?”

அண்ணி கட்டுத்துணியின் முனையைப் பல்லால் கிழித்தார். நான் ஏதோ கூறு கெட்ட கேள்வி கேட்டது போல முறைத்தார்.

“நீ கீழ கிடக்கறப்ப நான் மேல இருந்துக்கிட்டு என்னடி பண்றது?” என்று சொல்லிவிட்டு, முட்டியில் கட்டை இறுக்கினார்.