நெப்ராஸ்காவிலிருந்து வந்த உறவு

டென்மார்க்கில் பிராண்டே ஊருக்கு வெளியே, நான் தங்கியிருக்கும் அண்ணையின் பண்ணை வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நிற்கிறது. இறங்குகிற பெண்மணிக்கு எழுபது வயது இருக்கும். அமெரிக்காவில் நெப்ராஸ்காவிலிருந்து வருகிறாராம். அவருடைய அப்பாவின் பாட்டனார் இந்த வீட்டில் பிறந்து, இளவயதில் கப்பலேறிப் போய், அங்கே புல்வெளியை உழுது சோளம் விதைத்தவர். அம்மா வழி மெக்சிக்கோ.

“உள்ளே ஒருமுறை பார்க்கலாமா?” என்று ஆங்கிலத்தில் தயங்கிக் கேட்கிறார்.

“வாங்கோ, வாங்கோ,” என்று அண்ணை தமிழிலேயே அழைத்துவிடுகிறார்.

அண்ணி தேத்தண்ணியும் மீன் ரோல்சும் வைக்கிறா. வந்தவர் சுவரைத் தடவிப் பார்க்கிறார். தன் ஆட்கள் யாராவது இன்னும் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டு, குடும்பப் பெயரைச் சொல்கிறார். அண்ணை துள்ளி எழும்புகிறார்.

“எனக்கு இந்த வீட்டை வித்தவன்ர பேரெல்லோ அது! பக்கத்துக் காணியிலதான் இருக்கிறான்.”

போன் பேசிக் கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் முற்றத்துக்குள் வருகிறது. சேற்றுச் சப்பாத்தோடு இறங்கும் முதியவர் அந்த அம்மாவை உற்றுப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே நீண்ட மூக்கு. அவர் டேனிஷில் ஏதோ சொல்ல, அந்த அம்மா விளங்காமல் விழிக்கிறார்.

அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார்: “ஏன் இவ்வளவு பிந்தினீங்கள் எண்டு கேக்கிறார்.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். சேற்றையும் பார்க்காமல் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கிறார்.