ஏலத்துக்கு வந்த இரண்டாம் பாகம்

செல்வதாஸ் அத்தான் எங்கள் பெமிலா அக்காவைக் கட்டி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் உதவி என்று கேட்டது ஒரே ஒரு தடவை. அதையும் நான் கெடுத்தேன். தக்கலையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன், சபைக் கமிட்டியில் இரண்டு முறை மெம்பராக இருந்திருக்கிறேன், ஊரில் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுவார்கள். ஆகவே இந்த விஷயத்தை வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் ஒரு கல்லூரியில் தாவரவியல் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பி கழுவுவது, மைக்ராஸ்கோப் துடைப்பது, மாணவர்களுக்குச் செடி பறித்துக் கொண்டுவந்து கொடுப்பது, இதுதான் வேலை. சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் பழைய படப் புத்தகங்களுக்குப் போனது. செடி, பறவை, மீன், பூச்சி என்று எல்லாமே நூறு வருஷத்துக்கு முந்தியவை, கையால் வண்ணம் தீட்டிய படங்கள். அக்கா பீரோ வேண்டும் என்று கேட்டாள். பீரோ வந்தது, புத்தகங்கள் அதற்குள் ஏறின. அக்காவின் சேலைகள் இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கின்றன. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

அந்தப் பீரோவில் ஒரு புத்தகத்துக்கு மட்டும் தனித் தட்டு. மார்த்தாண்டத்தில் பழைய பேப்பர் எடுக்கிற ஆக்கர் கடையில், தராசில் போடப்போன நேரத்தில் பிடுங்கியது. முதல் பக்கம் போய்விட்டதால் யார் எழுதியது, யார் வரைந்தது என்று தெரியாது. நம்முடைய மலைகளில் உள்ள செடிகள், நூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாவற்றிலும் இலையும் பூவும்தான். காயும் விதையும் இரண்டாம் பாகத்தில் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி மனிதரை இருபத்திரண்டு வருஷம் அலைய வைத்தது. லீவு நாட்களில் நோட்டுப் புத்தகத்தோடு வேளிமலைக்குப் போய், படத்தில் உள்ள செடி இன்னும் இருக்கிறதா என்று தேடுவார். தொண்ணூற்றேழு கிடைத்துவிட்டது. மீதிப் பதினைந்தும் எப்போது பூக்கும் என்றே தெரியாதவை. காயோ விதையோ எப்படி இருக்கும் என்று தெரிந்தால் காட்டுத் தரையில் கிடப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்.

போன வருஷம் விளைச்சலைக் காணிக்கை வைத்து ஏலம் விடுகிற எங்கள் சபை அறுப்பின் பண்டிகை அன்று காலை, ஆராதனை முடிந்ததும் அத்தான் என் கையைப் பிடித்துக் கோயிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். 

"நேசா, காணிக்கை மேசையில ஒரு பழைய புக்கு இருக்கு, பாத்தியா?"

"நான் ஏத்தன் வாழக்குலையத்தான் பாத்தேன் அத்தான்."

"ரெண்டாம் பாகம் மக்கா. ராகேல் டீச்சர் வீடு ஒழிக்கியதுல கிடைச்சிருக்கு. மகளுக்கக் கூடப் போறாங்கல்லா, பித்தளைப் பாத்திரத்தோட அதையும் சபைக்குக் குடுத்திட்டாங்க. நான் கேட்டுப் பாத்தேன். ஆண்டவருக்குக் குடுத்தத எப்பிடி திரும்ப எடுக்கன்னு சொல்லுதாங்க."

டீச்சர் சொன்னது சரிதான். மேசைக்கு வந்த பொருள் ஏலத்தில்தான் போகவேண்டும்.

"அப்போ ஏலத்துல எடுங்க. இதுக்கு எதுக்கு இந்த ரகசியம்?"

"பெர்லின் வந்திருக்கான்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பெர்லின் மார்த்தாண்டத்தில் வீடு அலங்காரம் செய்கிற கடை வைத்திருக்கிறான். பழைய படங்களைச் சட்டம் போட்டு ரிசார்ட்டுகளுக்கும் வளைகுடாக்காரர் வீடுகளுக்கும் விற்பான். இரண்டு வருஷத்துக்கு முன் அத்தான் அந்தக் கடைக்குப் போனபோது சுவரில் இருபது பறவைகள் இருபது சட்டத்துக்குள் தொங்கின. கீழே ஒரு மூலையில் வெறும் அட்டை மட்டும், தையல் நூல் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தான் சோறு தின்னவில்லை என்று அக்கா சொன்னாள். புத்தகத்துக்காகப் பட்டினி கிடக்கிற ஆள் உண்டா என்று நான் கேலி பேசினேன்.

"நான் கை தூக்கினா அவனுக்கு விலை தெரிஞ்சு போவும். நீ கேளு மக்கா. நீ எதையெடுத்தாலும் ஏலம் கேக்கியவன்தானே, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ." ஒரு கவரை என் சட்டைப் பைக்குள் திணித்தார். அதில் பதினைந்தாயிரம் இருந்தது.

எங்கள் சபை ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே யாரும் பொருளுக்காக மட்டும் ஏலம் கேட்பதில்லை. எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, "ஆண்டவருக்கே இருக்கட்டும்" என்று பொருளைத் திருப்பி மேசையில் வைப்பார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். முந்தின வருஷம் ஒரே மட்டி வாழைக்குலை பதினோரு தடவை விலை போனது. அதில் மூன்று தடவை எடுத்தது நான். திருப்பி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போகிறவனை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வைக்குப் பயந்தே எங்கள் கோயில் கோபுரம் எழும்பியது என்று சொல்லலாம்.

மத்தியானம் ஏலம் தொடங்கியது. மைக் பிடித்தவர் ஆபேல், கமிட்டி மெம்பர், என் பழைய கூட்டாளி. சேனை போனது, காச்சில் கிழங்கு போனது, ஒரு வெள்ளைச் சேவல் நான்கு தடவை போய் நான்கு தடவை திரும்பி வந்தது. அத்தான் பின்னால், ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில், வேறு எங்கோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஆபேல் புத்தகத்தைத் தூக்கி விரித்துக் காட்டினார். வெட்டிய காய்க்குள் செந்நிற விதைகள் இருக்கிற ஒரு படம் வெயிலில் தெரிந்தது. பக்கத்தை அவர் எச்சில் தொட்டுப் புரட்டியபோது அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐந்நூறு" என்றேன் நான். பெர்லின் ஆயிரம் என்றான். யாரோ ஒருவர் விளையாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். பெர்லின் போனைப் பார்த்துக்கொண்டே, சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று யோசிக்கிறவன் மாதிரி நிதானமாகக் கேட்டான். ஆறாயிரத்தில் தயங்கினான். நான் எட்டாயிரம் என்றேன்.  ஆபேல் ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார், பெர்லின் போனைப் பைக்குள் போட்டான், மூன்று தரம்.

கைதட்டினார்கள். நான் மேசைக்குப் போய்க் காசைக் கட்டினேன். ஆபேல் புத்தகத்தை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. ஆபேல் மைக்கில், "நம்ம சத்தியநேசன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கூட்டம் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. முப்பது வருஷமாக அந்த இடத்தில் நின்று நான் என்ன சொல்வேனோ, அது என் வாயிலிருந்து வந்தது.

"ஆண்டவருக்கே இருக்கட்டும்."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு அடி நடந்த பிறகுதான் அத்தானைப் பார்த்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

திரும்பப் போய் எடுத்திருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் ஆபேல் அதற்குள் இரண்டாம் ஏலத்தைத் தொடங்கிவிட்டார், எனக்கும் கௌரவம் தடுத்தது. கவரில் மிச்சம் ஏழாயிரம்தான் இருந்தது. பெர்லின் இப்போது போனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்த்தான், என் பார்வை போன திசையில் அத்தானையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே ஏழாயிரத்து ஐந்நூறு என்றான். என் பைக்குள் கடைக் காசு பன்னிரண்டாயிரம் இருந்தது. மறுநாள் கம்பெனிக்குக் கட்டவேண்டிய காசு. ஒன்பதாயிரம் என்றேன். பத்து என்றான். பதினொன்று என்றேன். பதின்மூன்று என்றான். கவர் காசையும் சேர்த்தால் இன்னும் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஒரு பழைய புத்தகத்துக்கா என்று ஒரு நிமிஷம் மனசுக்குள் கணக்குப் பார்த்தேன், அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று தரமும் முடிந்துவிட்டது.

பெர்லின் திருப்பி வைக்கவில்லை. ஒரு பார்வையும் அவனை ஒன்றும் செய்யவில்லை. புத்தகத்தைக் காரின் பானெட்டில் வைத்து, இரண்டு பேருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "அறுபது ஃப்ரேம் தேறும்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் அத்தானைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படியே தொலையட்டும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், வெட்கத்தில் மனுஷன் எப்படியெல்லாமோ நினைக்கிறான்.

பெர்லின் காரில் ஏறப்போகும்போது அத்தான் வந்தார். வீடு வரைக்கும் வேகமாகப் போய்வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய பொதி. முதல் பாகம் என்று எனக்குப் பிரிக்காமலே தெரிந்தது.

"தம்பி, இதையும் வச்சுக்கோ" என்றார்.

பெர்லின் துணியை விலக்கிப் பார்த்தான். இரண்டு அட்டைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துப் பார்த்தான். ஒரே தோல், ஒரே அளவு.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் வேண்டாம். ரெண்டும் சேந்து முழுசா இருந்தாத்தான் மதிப்பு. உனக்கு வியாபாரம் தெரியும்லா. பக்கத்த வெட்டாண்டாம்."

பெர்லின் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இரண்டையும் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அத்தான் வேட்டித் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா, கோயில்ல அசனச் சாப்பாடு ஆறிப்போவும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மார்த்தாண்டம் பக்கமே போகவில்லை. என்னைக் கண்டால் எப்போதும்போல டீ போடச் சொல்வார். அந்தத் தனித் தட்டை அக்காவும் காலியாகவே விட்டிருந்தாள், சேலை வைக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நானே பஸ் ஏறி பெர்லின் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் முழுக்கச் சட்டங்கள், சட்டங்களுக்குள் காயும் விதையும். பெர்லின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளறைக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தான். இரண்டு பாகமும் துணி விரித்த தட்டில் முழுசாக இருந்தன.

"போட்டோ எடுத்து பிரின்ட் போட்டது அண்ணாச்சி. கத்திய எடுத்தா அந்த மனுசன் வேட்டியத் தோள்ல போட்டுட்டு நிக்கியது கண்ணுல வருது. அவரை வரச் சொல்லுங்க. எப்ப வேணும்னாலும் வந்து பாக்கட்டும்."

அன்று பொழுது சாயும் முன் நான் அத்தான் வீட்டில் இருந்தேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டவில்லை என்றதும் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நாப்பத்தொண்ணாம் படம் பாத்தியா? அந்தக் கிடைக்காத கொடிக்க விதை கறுப்பா, சிவப்பா?"

நான் பார்க்கவில்லை. அலமாரி வரைக்கும் போய், புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பியிருந்தேன்.

"பாக்கலியா? பொறவு நீ எதுக்குல அங்க போனே? கண்ணு எதுக்குல இருக்கு உனக்கு? பெயின்ட் டப்பாவும் கல்லாப் பெட்டியும் தவிர ஒண்ணும் தெரியாதா, மடையா?"

திட்டிக்கொண்டே சட்டையை மாட்டினார், நோட்டுப் புத்தகத்தைத் தேடினார், அக்காவிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஐந்து மாதமாக வரவேண்டிய திட்டு அன்றைக்குத்தான் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாறியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.