சாமந்திப் பூவுக்குக் கொடுத்த தரை

டெல்ஃபினா ஒகாம்போவின் மணிக்கட்டு நாற்பத்தோரு வயதில் உடைந்தது. எங்கும் விழவில்லை. கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள், உடைந்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "சின்ன வயசுல என்ன சாப்பிட்டு வளந்தீங்க?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பாலோ செகோ ஊரில் ரயில் பாதைக்குத் தெற்கே பிறந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டதைத்தான். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாது. அதனால் தண்ணீருக்கும் பாலுக்கும் பதில் இனிப்புச் சோடா. கைக்குழந்தையின் புட்டியிலும் அதுவே. பாதைக்கு வடக்கே இருந்தவர்கள் வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். தெற்கத்திக்காரர்களின் எலும்பு இப்படி ஆனதற்குக் கடவுள் காரணமில்லை. குழாய் போட்ட நகராட்சிதான் காரணம்.

டெல்ஃபினாவுக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் குதித்தும் தின்றும் சேர்த்து வைக்கிற எலும்புதான் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று டாக்டர் சொன்னது அவள் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. கைக்கட்டு அவிழ்ந்ததும் தலைமையாசிரியரிடம் போய், பள்ளி விட்டபின் உடற்பயிற்சிக் கூடத்தை ஒரு மணி நேரம் தரும்படி கேட்டாள். செலவு எதுவும் இல்லாததால் அவர் உடனே சரி என்றார்.

வந்தவர்களில் பெரும்பாலும் தெற்குப் பக்கத்துச் சிறுமிகள். கயிறு தாண்டினார்கள். மரப்பெட்டி மேல் ஏறி, இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் பதிய, தொம்மென்று குதித்தார்கள். பளபளக்கும் மரத்தரை அவர்களைத் தாங்கி மேலே தள்ளியது. குதித்து முடித்ததும் பால். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்குச் சுண்ணாம்பில் ஊறவைத்த மக்காச்சோளத்தில் சுட்ட டோர்ட்டியா ரொட்டி, அவரை, டப்பா மத்தி மீன்.

"மிஸ், இது பூனைக்கு வாங்கினதா?"

"ஆமா. பூனை எவ்ளோ உசரம் குதிக்குதுன்னு பாத்திருக்கியா? முள்ளோட தின்னு."

எல்லாரையும்விட உயரமாகக் குதித்தவள் ஹிமேனா, ஒன்பது வயது. கட்டிலிலிருந்து விழுந்து ஏற்கெனவே ஒரு முறை கையை முறித்துக்கொண்டவள். ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் டெல்ஃபினாதான். அந்த உறவால் ஹிமேனாவின் அம்மா அரசேலியும் டெல்ஃபினாவும் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சுத் தோழிகள். இந்தப் பிள்ளையின் எலும்பு தன் எலும்பு மாதிரி ஆகக்கூடாது என்பதுதான் டெல்ஃபினாவின் ஒரே வைராக்கியம்.

அக்டோபர் வந்தது. பழைய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும் வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு, உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அத்தனை பேரும் மார்பில் காகிதச் சாமந்திப் பூ குத்திக்கொண்டு வரவேண்டும். பூ என்றால் தட்டு அகலம். அதிலிருந்து கணுக்கால்வரை ரிப்பன், மணி, பொம்மைக் கரடி எல்லாம் தொங்கும். தாய்மார் சங்கம் அதைக் கட்டி விற்று, அந்தப் பணத்தைத் தலைக்கவசம் போட்டு மோதுகிற ஃபுட்பால் பையன்களுக்குக் கொடுக்கும். பாதைக்குத் தெற்கே இருந்து முதன்முதலாக ஒருத்தி அந்த ஆண்டு சங்கத் தலைவி ஆகியிருந்தாள். அவள் அரசேலி.

"கோமாத்ரே, ரிப்பன் விரிக்க ஜிம் வேணும். மூணே வாரம். பசங்க வெளிய கார் நிறுத்துற எடத்துல குதிக்கட்டுமே. ஆகாசமே கூரை."

"கூரைக்கு என்னடி, தரைதான் பிரச்சினை. அங்க தாரு பொளந்து கெடக்கு."

"இந்த நாற்காலில நம்ம பக்கத்துப் பொம்பள ஒருத்தி எப்பவாவது உக்காந்திருக்காளா? மொத மொதல்ல போயி எடம் கெடைக்கலன்னு சொல்லி மூக்கறுபட்டு நிக்கச் சொல்றியா?"

டெல்ஃபினா விட்டுக்கொடுத்தாள். அந்த நாற்காலி அரசேலிக்கு எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியும். பெட்டிகளைத் தானே வெளியே சுமந்தாள்.

இரண்டாம் வாரம் ஹிமேனா பெட்டியிலிருந்து குதித்தபோது கால் தார்ப் பிளவில் மாட்டியது. கையை ஊன்றி விழுந்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று.

பள்ளி வாரியக் கூட்டம் நூலகத்தில் நடந்தது. தலைவர் ராய்ஸ் டாக்கெட் முதலில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். குழந்தையின் எலும்பு கூடும்படி கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். தார்ப் பிளவைப் பற்றி ஆண்டவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. டெல்ஃபினா எழவில்லை.

அடுத்து அரசேலி பேசினாள். டெல்ஃபினா இருந்த பக்கம் திரும்பவேயில்லை. "மிஸஸ் ஒகாம்போவ நம்பித்தான் எம்புள்ளைய விட்டேன். எலும்ப பலமாக்குறேன்னு சொன்னாங்க. ஒடச்சுக் குடுத்திருக்காங்க."

முப்பத்தைந்து வருஷத்தில் அரசேலி அவளை அப்படி 'மிஸஸ்' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

"ஒடச்சது குதிப்பு இல்ல, தாரு," என்றாள் டெல்ஃபினா. "மரத்தரையில இத்தன மாசம் ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. எங்க தரைய எங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

"யாரையும் குத்தம் சொல்ற நேரமில்லம்மா இது," என்றார் டாக்கெட். குற்றம் தங்கள் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்த நேரம் ஒருநாளும் வருவதில்லை.

"போன மாசம் உங்க டீம் பையனுக்குக் கழுத்தெலும்பு ஒடஞ்சுதே. அதுக்காக ஃபுட்பால மூடினீங்களா?"

டாக்கெட் மறுத்துத் தலையாட்டினார்.

"அது வேற."

"எப்பிடி வேற?"

"அது விளையாட்டும்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே அதை ஒரு பதில் என்று நினைத்தார்கள். கைகள் உயர்ந்தன. பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி, பள்ளி விட்டபின் நடக்கும் குதிப்புப் பயிற்சியை மூடுவதென்று முடிவாயிற்று. அடுத்து, ஃபுட்பால் பையன்கள் எடை தூக்கும் அறைக்கு, விழுந்தாலும் அடிபடாத ரப்பர் தரை. அதற்கும் கைகள் உயர்ந்தன. கைதட்டினார்கள். கொஞ்சம் பிந்தி, அரசேலியும் தட்டினாள்.

வெளியே காரில் ஹிமேனா காத்திருந்தாள். மாவுக்கட்டு முழுக்க ஃபுட்பால் பையன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டெல்ஃபினாவைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள்.

"கையிலதான கட்டு, காலு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கி நான் வரலாமா?"

"இனிமே கெடையாது கண்ணு. மூடிட்டாங்க."

"பூவெல்லாம் கட்டி முடிச்சுட்டா ஜிம் காலியாயிடுமே. அப்பவும் கெடையாதா?"

அரசேலி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். டெல்ஃபினா குனிந்து, குழந்தையைத் தாண்டி அவளைப் பார்த்தாள்.

"அத உங்கம்மாகிட்டக் கேளு."

அரசேலி பெல்ட்டை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினாள்.