நாத்தனார் ஓட்டிய வண்டி

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் என் பிறந்த வீட்டிலிருந்து இரண்டு கூடை மாம்பழம் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மாம்பழத்தை அளந்து சாப்பிடுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் புகுந்த வீட்டின் நடுக்கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பழங்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது என் கணவரின் தங்கை வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு செந்தூரா பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல எவ்வளவு சாப்பிடலாம்?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, "வயிறு போதும்ங்கிற வரைக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கத்தி எடுத்துவந்து, ஒரு பழத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சீவி, அதையும் இரண்டாக்கி, பாதியைத் தின்றாள். மீதியை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வயிறு போதும் என்று எப்போது சொல்லும் என்பதே அவளுக்குத் தெரியாது என்பது எனக்குப் புரிய இன்னும் சில வாரங்கள் ஆயின.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயதில், பள்ளியில் பல்டி அடித்துக்கொண்டிருந்த குழந்தையை, விளையாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, சென்னையில் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு பதின்மூன்று வருடங்கள் அவளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ்தான் எல்லாம். பத்து சென்டிமீட்டர் அகல மரக்கட்டையின்மேல் தலைகீழாகச் சுழன்று, அதே கட்டையில் வந்து நிற்பாள். மாநில அளவில் பலமுறை முதலிடம், தேசிய அளவிலும் பதக்கங்கள். வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், அதுவும் போட்டி இல்லாவிட்டால். கடைசியில் முழங்காலில் இரண்டாவது முறை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பயிற்சியாளர் போதும் என்று சொல்லிவிட்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதம், அவளும் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அந்த வீட்டுக்கு நாங்கள் இருவருமே புதுசுதான்.

உண்மையைச் சொன்னால், அவள் வருகிறாள் என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது அவளுடைய பதக்கங்கள் தொங்கும் கண்ணாடி அலமாரி. தினமும் அதைத் துடைப்பது என் மாமனாரின் வேலை. மாமா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே சாம்பியன் அப்பா. டீக்கடையிலிருந்து ரேஷன் கடைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் நாத்தனார் என்னை வேலைக்காரியைப்போல நடத்துவாள் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவளோ, துணி துவைக்கலாமா, டிவி போடலாமா, மத்தியானம் தூங்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்டாள். காலை நாலரைக்கு எழுந்து, தலையை வாரி இறுக்கி முடிந்து, கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பாள். விசில் ஊதுவதற்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். யாரும் ஊதமாட்டார்கள்.

அந்த ஆவணியில் மத்திகிரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் மாமாவின் சிநேகிதர் ஒருவர், "எங்கே பாப்பா, ஒரு பல்டி அடி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். மாமா மலர்ந்த முகத்தோடு நாற்காலிகளை ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். அவள் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு இரண்டு பல்டி அடித்தாள். மண்டபமே கைதட்டியது. திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வளையலைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டவள், "முடியாதுன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன் அண்ணி. ஆனா அதுவும் இல்லைன்னா நான் யாருன்னு கேப்பாங்களே, அப்ப என்ன சொல்றது?" என்றாள். "நாளைக்கு எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க, வர்றியா?" என்று மட்டும் கேட்டேன். பதிலாகச் சொன்னதல்ல அது, ஏதோ வாயில் வந்தது.

நான் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். அவளை அட்டைப்பெட்டிகள் அடுக்கும் பிரிவில் போட்டார்கள். நாலேமுக்கால் அடி உயரத்துக்கு எந்த மேசையும் எட்டவில்லை. யாரோ ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து காலடியில் போட, அதன்மேல் ஏறி நின்று வேலை செய்தாள். கம்பெனி பஸ்ஸில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து அரட்டை அடிக்கும் பெண்களுக்கு நடுவில் அவளும் மெல்லப் பேசப் பழகினாள். பிரியாணி தனக்குப் பிடிக்கும், உப்புமா பிடிக்காது என்று ஒருநாள் பெரிய செய்தி போல என்னிடம் சொன்னாள். அதுவரை விடுதியில் அளந்து தட்டில் வைத்ததைச் சாப்பிட்டவள் அவள். பிடித்ததா இல்லையா என்று நாக்கிடம் கேட்டதே இல்லை.

ஆறேழு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி, விருப்பமுள்ளவர்கள் பெயர் தரலாம். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, சரக்கைத் தூக்கி உயரமான அடுக்குகளில் வைக்கும் வண்டி அது. பெண்கள் யாரும் பெயர் தரவில்லை. இவள் போய்த் தந்தாள். ஏன் என்று கேட்டபோது, "அது பின்பக்கம் திரும்பறதப் பாத்திருக்கீங்களா அண்ணி? நின்ன எடத்துலயே சுத்துது" என்றாள், கண்கள் விரிய. அவள் எதையாவது ஆசைப்பட்டுப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் தேர்வில் தோற்றுப்போனாள். அந்தச் சாயங்காலம் நான் பஸ்ஸில் அவளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, படியேறி ஓடிவந்து, மூச்சிரைக்க என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, ஃபெயில் ஆயிட்டேன்! ரேக்குல இடிச்சு ரெண்டு காலிப்பெட்டி கீழ விழுந்துடுச்சு!" என்று சொல்லிச் சிரித்தாள். என்னடி, இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று பார்த்தேன். "யாரும் ஒண்ணுமே சொல்லல அண்ணி. வண்டி சொல்லித்தர்ற அந்த ஆனேக்கல் சார் இருக்காரே, அவரு 'பரவாகில்லம்மா, டீ குடிச்சிட்டு வா, இன்னொரு தடவ ஓட்டு'ன்னு சொல்றாரு. அவ்வளவுதான். டீ குடிச்சிட்டு மறுபடி ஓட்டுனேன்" என்றாள். பதின்மூன்று வருடம் ஒரு கால் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் மதிப்பெண் குறையும், அன்றிரவு சாப்பாடு இறங்காது என்று வாழ்ந்தவளுக்கு, தோற்றபின் ஒரு டீ இருக்கிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு. மூன்றாவது தேர்வில் தேறினாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பிரச்சினை வந்தது. பெட்டி அடுக்கும் வேலையை மாமா எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தார்; நல்ல இடம் கிடைக்கும்வரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார் போல. வண்டி ஓட்டுகிறாள் என்றதும் உடைந்துவிட்டார். அதே சமயத்தில் கம்பெனி ஆண்டு விழாவில் மேடையில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகாட்டச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள், அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதுவும் அவர் காதுக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பதிமூணு வருசம் பெத்த பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிடாம இருந்தோம். எதுக்கு? நான் பாத்த கிடங்கு வேலையவே நீயும் பாக்கறதுக்கா?" என்றார். அவர் குரல் உயரவில்லை. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பாப்பா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். "அப்பா, நான் அங்க நல்லாத்தான் செஞ்சேன். ஆனா எனக்கு வேற என்ன பிடிக்கும்னு யாரும் கேக்கல, நானும் கேட்டுக்கல. இப்பதான் ஒண்ணொண்ணா தெரியுது. இந்த வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. மெடலுக்காக இல்ல, சும்மாவே பிடிச்சிருக்கு" என்றாள். மாமா எழுந்து கை கழுவப் போனார். அடுத்த பத்து நாள் அலமாரியைத் துடைத்தார், செய்தித்தாள் படித்தார், மகளிடம் பேசவில்லை.

ஆண்டு விழாவுக்கு மறுநாள் குடும்பத்தினரைத் தொழிற்சாலைக்குள் அழைத்துக் காட்டும் நாள். நானும் என் கணவரும் கெஞ்சி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கிடங்கு வாசலில், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். பாப்பா வண்டியில் வந்தாள். மஞ்சள் தலைக்கவசம் புருவம்வரை இறங்கியிருந்தது. எங்களை அவள் பார்க்கவில்லை. குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பி, இரும்புக் கைகளை மூன்றாவது அடுக்குக்கு உயர்த்தி, சரக்கு இருந்த மரப்பலகையின் அடியில் நுழைத்தாள். லேசாகத் தூக்கினாள். பிறகு ஏனோ நிறுத்திவிட்டாள். மீண்டும் அடுக்கிலேயே வைத்து, கைகளை வெளியே இழுத்து, வண்டியை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி நுழைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தடுமாறுகிறாளோ என்று நினைத்தேன். பக்கத்தில் பார்த்தேன். மாமா கோட்டின்மேலேயே வந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு ஆடாமல் இறங்கித் தரையைத் தொட்டதும், பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

"லோடு எடது பக்கம் கனமா இருந்துச்சு" என்றார் என்னிடம், நாங்கள் எதையோ தவறவிட்டது போல. "கண்ணுக்குத் தெரியாது. தூக்குறப்ப வண்டி சொல்லும். அதக் கேட்டுட்டா பாரு. எங்க காலத்துல பத்து வருசம் ஓட்டுனவனே அப்படியே எறக்கிக் கவுத்திருப்பான்." அவர் கைதட்டவில்லை. மதிய உணவு இடைவேளையில் பாப்பா வந்ததும் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. "பின்னால வரும்போது ஆரன் அடிக்க மறந்துட்ட" என்றார். அவள், "அடிச்சேன்ப்பா, சத்தத்துல உங்களுக்குக் கேக்கல" என்றாள். "கேக்கல" என்று அவர் அடித்துச் சொன்னார். கேன்டீன் வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே முன்னால் போனார்கள்.

பின்னால் நடந்துகொண்டே நான் அதைப் பற்றித்தான் யோசித்தேன். மகள் கட்டையின்மேல் சுழன்ற பதின்மூன்று வருடமும் மாமா கைதட்டியிருக்கிறார், அழுதிருக்கிறார், பதக்கங்களைத் துடைத்திருக்கிறார். ஆனால் அவள் செய்ததில் எது கடினம், எது சுலபம், எங்கே பயந்தாள், எங்கே துணிந்தாள் என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. மதிப்பெண் பலகையைப் பார்த்துத்தான் சிரிப்பதா வருந்துவதா என்று முடிவு செய்வார். அன்று கிடங்கில் மதிப்பெண் பலகை எதுவும் இல்லை. அவரே பார்த்தார், அவருக்கே தெரிந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள முதல்முறையாக ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள் சத்தமானவை. மழையில் ஈரமான தரையில் எப்படித் திரும்புவது, எந்த டிரைவர் பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறான் என்று இருவரும் பேச, நானும் அத்தையும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம்.

இப்போது பாப்பா சூளகிரியில் ஒரு புதிய கிடங்கில் ஷிப்ட் பொறுப்பாளர். எட்டு வண்டிகள், ஓட்டுகிறவர்களில் மூன்று பேர் பெண்கள். இருசக்கர வாகனத்தில் ஹைவேயில் போய் வருகிறாள். முகம் உருண்டு, கன்னம் வைத்திருக்கிறது. யாராவது மாமாவிடம் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், எத்தனை டன் வண்டி, எத்தனை அடுக்கு உயரம் என்று அரைமணி நேரம் விளக்குகிறார். கேட்டவர் தப்பித்துப் போகும் சமயத்தில்தான், "சின்ன வயசுல ஜிம்னாஸ்டிக்ஸும் பண்ணுவா" என்று சேர்த்துக்கொள்கிறார்.

போன மாதம் சூளகிரிக்கு அப்பால் இருக்கும் என் சித்தி வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். ஏரியில் தண்ணீர் உள்வாங்கிய இடமெல்லாம் புல் முளைத்துப் பாய் விரித்ததுபோல் கிடந்தது. பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று செருப்பைக் கழற்றினாள். யாரும் கேட்கவில்லை, யாரும் நாற்காலியை ஒதுக்கவில்லை. கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் ஒரு சுழற்சி, இன்னொன்று, மூன்றாவதில் கால் வழுக்கிச் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நான் பதறி ஓடினேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு, சுடிதாரெல்லாம் சேறாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "புல்லு ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணி, அதான்" என்றாள். கரையில் நின்ற மாமா, "வயசாயிருச்சுடி உனக்கு" என்று கத்தினார். அவள் எழுந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மறுபடியும் கைகளை ஊன்றினாள்.